புஷ்பராணி அக்கா மலையில் பேசிய ஆங்கிலம்

அடுத்த மாதத்திலிருந்து என் இடத்தில் வகுப்பெடுக்கப் போகும் இரண்டு தங்கச்சிமார் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, இந்த ப்ரெசன்ட் டென்ஸ நீங்க எப்புடிப் படிச்சுக் குடுத்தீங்க? நாங்க ஐ கோ, ஷீ கோஸ்னு ஆரம்பிச்சாலே அவங்க கொட்டாவி விடுறாங்க."

"நாள் பூரா மலையில நின்னுட்டு வர்றவங்க. கொட்டாவி வராம என்னா செய்யும்?" என்றேன்.

"அதான் கேக்குறோம். ரிட்டயர் ஆவுறதுக்கு முந்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்திருப்பதால் இந்த வேலையை விடுகிறேன். அவர்களுக்கு அது ரிட்டயர். இருக்கட்டும். நான் பார்த்த முதல் வேலை இது. இதில் நான் கண்டதை இந்தக் கேள்விக்குப் பதிலாகவே எழுதிவைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். அப்பா அதே தோட்டத்தில் மருந்தடித்தவர். சாதாரண தரப் பரீட்சையை முடித்து, உயர்தர வகுப்புக்காக இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன். பிறகு ஆங்கில டிப்ளோமா. அந்த வருடங்களை நினைத்தால் மழையும், காயாத சப்பாத்தும், பஸ்ஸில் நின்றபடி மனப்பாடம் செய்த வினைச்சொற்களும்தான் நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரியில் இருந்த ஒரு பெண்கள் நிலையம் தோட்டத்துப் பெண்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடியது. போய்க் கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.

என்னை அனுப்பிய இடம் றக்வானவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டம். வகுப்பறை பிள்ளைமடுவம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. பின்னேரம் வீட்டில் உள்ளவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தொட்டில் சேலைகளை உத்தரத்தின் மேல் சுருட்டிப் போட்டுவிட்டு வகுப்பைத் தொடங்குவோம். பெண்கள் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வருவார்கள். தேயிலைக் கறையில் விரல்களெல்லாம் கறுத்திருக்கும். வாசலில் நின்று ஒருவர் காலை ஒருவர் பார்த்து அட்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

எங்கள் பொறுப்பாளர் ஹம்ஸியா மிஸ் இரத்தினபுரியைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே புடைவைக் கடை இருந்தது. வாரம் ஒருமுறை பஸ் பிடித்து எங்கள் வகுப்புக்கு வருவார். என் முதல் வகுப்பில் கரும்பலகை நிறைய அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அவர் அதைக் குறை சொல்லவில்லை. ஒரு சோக்கட்டியை எடுத்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சிமெந்துத் தரையில் குந்தி, பாண்டி விளையாடும் பிள்ளைபோலக் கட்டங்கள் கீறினார். ஐ ஒரு கட்டம். யூ ஒரு கட்டம். ஹீ, ஷீ, இட் பக்கத்தில் பக்கத்தில். அப்புறம் வீ, தே.

"இன்டைக்கு ஒரு வேலச் சொல் மட்டும்தான். ப்ளக். நீங்க நாள் பூரா செய்யிறதுதான், கொழுந்தெடுக்கிறது. நிக்கிற கட்டத்துக்குத் தக்கன சொல்லணும். ஷீயில நிண்டா ப்ளக்ஸ். வாங்க, ஆளுக்கொரு கட்டத்தில நில்லுங்க."

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீ கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்கள். இடம் போதாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிச்சமிருந்தவர்கள் தே கட்டத்தில். ஐ கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"ஏன் அங்க ஒருத்தரும் இல்ல?" என்று கேட்டேன்.

லெட்சுமி அக்கா என்று ஒருவர். வகுப்பின் வாய் அவர்தான். "டீச்சரம்மா, பெரட்டுக் களத்துல தனியா வாயத் தொறந்தவளுக்கு மறுநாள் எந்த மலை கெடைக்கும்னு ஒங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க," என்றார். "அந்தக் கோடிப் பள்ளம்தான். ஏறி வர்றதுக்குள்ள உசிரு போயிரும். நாங்க எதுன்னாலும் நாங்கன்னுதான் சொல்லுவோம். நான்னு சொல்ல மாட்டோம்."

அதை அம்மாவிடம் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் களத்தில், எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். குறை சொல்வதென்றால் எல்லாரும் ஒன்றாகச் சொல்வார்கள், அல்லது யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹம்ஸியா மிஸ் தானே போய் ஐ கட்டத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, "ஐ லிவ் இன் ரத்னபுர. ஐ ட்ரிங்க் டீ. ஐ ஹேட் லீச்சஸ்," என்றார். லீச் என்றால் அட்டை என்று நான் சொன்னதும் மடுவமே சிரித்தது.

"மிஸ், அட்டைக்கு ஒங்கள ரொம்பப் புடிக்குமே!" என்றார் லெட்சுமி அக்கா.

"அப்ப அத இங்கிலீசில சொல்லுங்க. அட்ட எந்தக் கட்டம்?"

லெட்சுமி அக்கா யோசித்துவிட்டு இட் கட்டத்துக்குள் தாவினார். "இட் லைக் மிஸ்!"

"லைக்ஸ்," என்று நான் திருத்தப் போனேன். ஹம்ஸியா மிஸ் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். முடித்த பிறகு, திருத்தாமல், மிஸ்ஸே சரியாக ஒருமுறை சொல்வார். "ம், இட் லைக்ஸ் மிஸ்." அதைக் கேட்டவர் தானாகவே அடுத்த தடவை மாற்றிக்கொள்வார். பெண்கள் அந்தக் கடைசி ஓசைக்குச் சீறல் என்று பெயர் வைத்தார்கள். "ஹீக்குச் சீறு, ஷீக்குச் சீறு, இட்டுக்குச் சீறு. மத்தவங்கள விட்ரு." ஒரே வாரத்தில் அது எல்லாருக்கும் வந்துவிட்டது. ஹீ கட்டத்தில் நின்று தங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றி அவர்கள் சொன்ன வாக்கியங்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லாவற்றிலும் சீறல் சரியாக இருந்தது.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை. அவர்தான் புஷ்பராணி அக்கா.

வரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. கூட்டத்தோடு சொல்லும்போது அவர் குரல்தான் தெளிவாகக் கேட்கும். கட்டங்களில் அவர் ஒருநாளும் பிசகியதில்லை. தனியாக நிறுத்தினால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்த வகுப்பிலேயே ஆங்கிலம் அவசரமாகத் தேவைப்பட்டதும் அவருக்குத்தான்.

வருடக்கணக்காகக் கொழுந்துச் சாக்கைக் கயிற்றில் கட்டித் தலையில் தொங்கவிட்டதில் அவருடைய கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. இனித் தலையில் கயிறு போடவே கூடாது என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவர் இறந்துவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீட்டிலிருந்து யாரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால், அதாவது வேலைக்குப் போகாவிட்டால், அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று கணக்கப்பிள்ளை இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மேலே இருந்த பழைய தொரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றினார்கள். விருந்தாளிகளைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்ட ஓர் ஆள் வேண்டும். பங்களாவும் தோட்டத்துக்கே சொந்தம் என்பதால், அங்கே வேலை செய்தாலும் பேர் விழும். காம்பரா கைவிட்டுப் போகாது. அந்த மெனேஜர் ஐயா சிங்களவர். புஷ்பராணி அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. ஆனால் விருந்தாளிகளோடு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பெல்மதுளையிலிருந்து ஒருவரை எடுக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. ஹம்ஸியா மிஸ் போய்ப் பேசியதில், ஒருநாள் புஷ்பராணி அக்காவைக் கூட்டிவரச் சொன்னார். விருந்தாளிகளோடு மலையைச் சுற்றி வரட்டும், பார்க்கலாம் என்றார்.

அதற்கு முந்தைய வாரம் ஹம்ஸியா மிஸ் நாள்தோறும் வந்தார். அவர் புஷ்பராணி அக்காவைப் பேசவைத்த விதத்தை நான் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பிள்ளைகள் உட்காரும் குட்டி வாங்குப் பலகையில் அக்காவை உட்காரவைத்து, அதைவிடத் தாழ, பாயில் தான் உட்காருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பார். "வாட் டு யூ டூ?" என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கைகளைத்தான் பார்ப்பார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, பதில் வந்துகொண்டிருப்பதுபோல இருப்பார். மழை தகரத்தில் விழும். நான் அடியெடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பேன்.

"அவசரப்படாத புள்ள. அவட வாய்க்குள்ளதான் இரிக்கி. வரும்," என்பார்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஹம்ஸியா மிஸ் முகத்தில் சலிப்போ இரக்கமோ தெரியவில்லை. "நாளைக்குப் பார்ப்பம்," என்று எழுந்து, பாயைத் தானே சுருட்டி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார். மூன்றாம் நாள் வேறு கேள்வி கேட்டார். "வெயார் டு யூ லிவ்?"

புஷ்பராணி அக்கா தன் கறுத்த விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு வாசலுக்கு வெளியே, லயம் இருக்கும் திசையைக் காட்டினார்.

"ஐ லிவ் தெயார்," என்றார். "மை டோட்டர் லிவ்ஸ் தெயார். வீ லிவ் தெயார்."

ஹம்ஸியா மிஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ம்," என்றார். "இன்னொரு டீ குடிப்பமா?"

பங்களாவுக்குப் போன அன்று வெயில் காய்ந்தது. புஷ்பராணி அக்கா நீலச் சேலை கட்டியிருந்தார். நானும் ஹம்ஸியா மிஸ்ஸும் கூடப் போனோம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கணவர் நல்ல உயரம், கழுத்தில் கெமரா. மெனேஜர் ஐயா எங்களோடு சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்ததில், இது சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார் என்பது தெரிந்தது.

பங்களாவிலிருந்து மலை வரை புஷ்பராணி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டார். அக்கா சிரித்தார். மெனேஜர் ஐயா திரும்பி என்னைப் பார்த்து, "நங்கி, நீங்க சொல்லுங்களேன்," என்று சிங்களத்தில் சொன்னார். நான் ஹம்ஸியா மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் குனிந்து, காலில் அட்டை தேடுவதுபோல இருந்தார். நான் பேசவில்லை. அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளமாக இருந்தன என்று எனக்குத்தான் தெரியும். என் கண்முன்னால் அக்காவின் காம்பரா கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மலையில் லெட்சுமி அக்காவின் கூட்டம் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது. உயரமான அந்த மனிதர் நல்ல படம் கிடைக்கும் என்று நினைத்து, பாதையை விட்டு விலகி, லெட்சுமி அக்கா நின்ற நிரைக்குள் காலை வைத்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை காட்டிவிடுவார். அந்த இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே உள்ள வழியும், அதன் கொழுந்தும் அன்று முழுக்க அவளுடையது. பக்கத்து நிரைக்காரிகூட ஒரு சத்தம் கொடுக்காமல் அதற்குள் கால் வைக்க மாட்டாள். சொந்த வீட்டுக்குள் ஆள் நுழைந்ததுபோல இருக்கும்.

"ஸ்டாப்!" என்றார் புஷ்பராணி அக்கா.

பெரிய சத்தமாகத்தான் வந்தது. அந்த மனிதர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மெனேஜர் ஐயாவின் முகம் வெளிறிப்போனது. "அக்கே!" என்றார்.

"வொய்?" என்று கேட்டார் அந்த மனிதர். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"தட் இஸ் ஹர் லைன்," என்றார் அக்கா. "ஷீ ப்ளக்ஸ் தெயார். யூ வெயிட். ஐ ஆஸ்க்." பிறகு மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய் லெச்சுமி! ஒன் நெறைக்குள்ள வரலாமாங்குறாருடி!"

லெட்சுமி அக்கா கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். "வரச் சொல்லு வரச் சொல்லு! வாது முறியாம வரச் சொல்லு. அட்ட கடிச்சா என்னையக் கேக்கக் கூடாதுன்னும் சொல்லிப்புடு!"

புஷ்பராணி அக்கா அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "ஷீ சேஸ், யூ கம். ஷீ சேஸ், டோன்ட் ப்ரேக். அன்ட் லீச் பைட்ஸ்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கணவர் லெட்சுமி அக்காவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, பக்கவாட்டாக, தேயிலையில் ஒரு கிளையும் முறியாமல் உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டையான வாக்கியங்கள்தான். நாங்கள் இதை எடுக்கிறோம், இதை விடுகிறோம். கங்காணி பார்க்கிறார். பின்னேரம் லொறி வருகிறது. ஒவ்வொரு நாளும் நடப்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய ஆங்கிலம் முழுவதும் அவரிடம் இருந்தது. ஹம்ஸியா மிஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பங்களா முற்றத்துக்குத் திரும்பியதும் மெனேஜர் ஐயா கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "ஹரி, ஹொந்தாய்," சரி, நல்லது என்றார். வேலை தருவதாகச் சொன்னார். காம்பரா தப்பியது என்று நினைத்தேன். அப்போது அவர் உள்ளே போய் ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கி வந்தார். புத்தம் புதியது, வார்னிஷ் பூசி, கயிறெல்லாம் கட்டியிருந்தது. தோட்டத்தில் இப்போது சாக்குதான். கூடையைப் படத்தில்தான் பார்க்கிறோம். விருந்தாளிகளுக்குப் படமெடுக்க அதுதான் பிடிக்குமாம். நாள்தோறும் அக்கா அதைத் தலையில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், வெறும் கூடைதானே என்றார்.

புஷ்பராணி அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மெனேஜர் ஐயாவிடம் அவர் சிங்களத்திலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "சிங்களத்துல சொன்னா ஐயாவும் நானும் மட்டுந்தானே டீச்சர் இருப்போம்," என்றார். அவர் திரும்பி அந்த வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்துத்தான் பேசினார்.

"மை நெக் பெயின்ஸ்," என்றார். "டொக்டர் சேஸ் நோ. ஐ வாக். ஐ டோக். ஐ டோன்ட் கெரி."

மெனேஜர் ஐயா கூடையைப் பிடித்தபடி நின்றார். புஷ்பராணி அக்கா போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். நான் பயந்துவிட்டேன், போட்டுக்கொள்ளப் போகிறாரோ என்று. அவர் அந்த உயரமான மனிதரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"யூ லைக் பிக்சர்? யூ கெரி."

அந்த மனிதர் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். குனிந்து நின்றார். அக்கா கயிற்றை அவர் உச்சந்தலையில் சரியான இடத்தில் பொருத்திவிட்டார். மனைவி படமெடுத்தார். அவர் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, பாரமே இல்லையே என்றார்.

"நவ் எம்ப்டி," என்றார் அக்கா. "வீ ஃபில் இட். எவ்ரிடே."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். கயிறு இருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெனேஜர் ஐயாவிடம், தான் போன இடங்களிலேயே இங்கேதான் நன்றாகச் சுற்றிக்காட்டினார்கள் என்றும், இந்த அம்மாவைத்தான் மற்றவர்களுக்கும் சொல்வேன் என்றும் சொன்னார். மெனேஜர் ஐயா வியாபாரம் தெரிந்தவர். நல்ல மனிதரும்கூட. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூடை விருந்தாளிகளுக்கு. அக்கே, நீங்க திங்கட்கிழமை வாங்க," என்றார்.

றக்வான பஸ் அந்தப் பங்களாவுக்குக் கீழே உள்ள முடக்கில் மெதுவாகத் திரும்பும். நான் எப்போதும் அந்தப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவேன். மலையில் சில நாட்களில் வரிசையாக ஆட்கள் தெரிவார்கள். வெயிலில் சிவந்த விருந்தாளி ஒருவர் தலையில் கூடையைத் தொங்கவிட்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு ஏறுவார். அவருக்கு முன்னால் புஷ்பராணி அக்கா இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பேசிக்கொண்டே போவார்.